இறங்குவதற்கு முன் இடுக்கின் அளவைக் கேளுங்கள்

சென்ற இதழில் துருக்கியின் கப்படோக்கியா பகுதியில் உள்ள தெரின்குயு நிலத்தடி நகரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நகரின் வரலாற்றைப் பற்றிக் கேட்கவில்லை, "இடுக்கமான இடம் என்றாலே எனக்குப் பயம், நான் அங்கே போகலாமா?" என்றுதான் கேட்டிருந்தன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு கேள்விக்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 52. லிஃப்ட் கதவு மூடினாலே நெஞ்சு படபடக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போய்ப் பாதியில் எழுந்து வந்தவள் நான். எங்கள் குடும்பம் போகவிருக்கும் பயணத்தில் பாரிஸ் நிலத்தடி எலும்புக் கிடங்கு, போலந்தின் வியெலிச்கா உப்புச் சுரங்கம், தெரின்குயு ஆகிய மூன்றும் இருக்கின்றன. வரலாறு எனக்கு உயிர். மற்றவர்கள் பார்த்துவிட்டு வரும்வரை நான் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

பதில்: வேண்டியதில்லை, அம்மா. ஆனால் மூன்றுக்கும் ஒரே பதிலை எதிர்பார்க்காதீர்கள். மூன்றும் பூமிக்கு அடியில் இருக்கின்றன என்பதைத் தவிர அவற்றுக்குள் ஒற்றுமை அதிகமில்லை.

முதலில் உங்கள் பயம் எது என்று பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளாஸ்ட்ரோஃபோபியா என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உளவியலாளர்கள் அதற்குள் இரண்டு அச்சங்களைக் காண்கிறார்கள். ஒன்று, மூச்சு முட்டிவிடும், காற்றுப் போதாமல் போய்விடும் என்பது. மற்றொன்று, கைகாலை அசைக்க முடியாமல், நினைத்த நேரத்தில் வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்வோம் என்பது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். பலருக்கு ஒன்று தூக்கலாக இருக்கும். ஸ்கேன் கருவிக்குள் உங்களை எழ வைத்தது அசையாமல் படுத்திருக்க வேண்டிய கட்டாயமா, முகத்துக்கு மிக அருகில் இருந்த அந்த மேற்கூரையா, புழுக்கமா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். முதல் வகை அச்சம் உள்ளவருக்கு வெப்பமும் நெரிசலும்தான் எதிரி. இரண்டாம் வகையினருக்கு, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் வரிசையில் நிற்க, திரும்பவே முடியாத பாதைதான் எதிரி.

இரண்டாவதாக, ஆழம் வேறு, இடுக்கம் வேறு. பலரும் இவற்றைக் குழப்பிக்கொண்டு, "135 மீட்டர் ஆழமாம்" என்ற ஒரு தகவலிலேயே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அந்த 135 மீட்டர் வியெலிச்காவின் சுற்றுலாப் பாதை எட்டும் ஆழம். அங்கே 101 மீட்டர் ஆழத்தில் புனித கிங்காவின் பெயரால் ஒரு தேவாலயம் இருக்கிறது. 54 மீட்டர் நீளமும் பத்து மீட்டருக்கு மேல் உயரமும் கொண்ட அந்தக் கூடத்தில் தரை, சுவர்ச் சிற்பங்கள், சரவிளக்குகளின் மணிகள் என்று எல்லாமே உப்பு. அங்கே நிற்கிறவருக்கு இடம் போதவில்லை என்ற எண்ணமே எழாது. பாதைகளும் பெரும்பாலும் நிமிர்ந்து நடக்கக் கூடியவை. உங்களைச் சோதிக்கப்போவது சுரங்கத்தின் நடுப்பகுதி அல்ல, தொடக்கமும் முடிவும்தான். தொடக்கத்தில் ஏறத்தாழ 380 படிகள், மரப் படிக்கட்டில் சுற்றிச் சுற்றி இறங்க வேண்டும். முடிவில் மேலே ஏறி வருவது லிஃப்டில். அதுவும் பழைய சுரங்கத் தொழிலாளர் கூண்டைப் போன்ற சிறிய பெட்டிகளில் ஆட்களை நெருக்கமாக நிறுத்தி ஏற்றுவார்கள்.

அந்த லிஃப்டில் நான் பட்டது இன்னும் நினைவிருக்கிறது. மூன்று மணி நேரம் மகிழ்ச்சியாகச் சுற்றிவிட்டு, கடைசி வரிசையில் நின்றபோதுதான் கூண்டின் அளவு கண்ணில் பட்டது. முன்னால் நின்றவர்கள் தோளோடு தோள் உரச உள்ளே போனார்கள். எனக்கு அடுத்த கூண்டு என்று தெரிந்ததும் உள்ளங்கை வியர்த்தது. பக்கத்தில் நின்ற பணியாளரிடம், "எல்லோரும் ஏறிய பிறகு கடைசியாக ஏறிக்கொள்ளட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். அவர் தலையசைத்தார். கடைசியாக ஏறியதால் என் முகம் கம்பிக் கதவைப் பார்த்து இருந்தது. இடுக்கில் காற்று வேகமாக வீசியது. முதுகுக்குப் பின்னால் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது ஒரு பொருட்டாகவே இல்லை. உடல் முன்பக்கம் திறந்திருக்கிறது என்று நம்பினால் போதும், மனம் பாதி அடங்கிவிடுகிறது. நீங்கள் செல்லும்போது இந்த லிஃப்டைப் பற்றி முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லி வையுங்கள். தெரியாமல் போய் அதன் முன் நிற்பதுதான் கொடுமை.

பாரிஸ் எலும்புக் கிடங்கு வேறு விதமானது. சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பழைய சுரங்கங்களுக்கு, நகரத்துக் கல்லறைத் தோட்டங்களில் இருந்த எலும்புகளை 1786 முதல் கொண்டுவந்து அடுக்கினார்கள். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் எச்சங்கள் அங்கே இருப்பதாகக் கணக்கு. ஆழம் 20 மீட்டர்தான். 131 படிகள் இறங்கி, ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து, 112 படிகள் ஏறி வேறொரு தெருவில் வெளியே வர வேண்டும். வெப்பநிலை எப்போதும் 14 டிகிரி அளவில் இருப்பதால் புழுக்கம் கிடையாது. ஆனால் இது ஒருவழிப் பாதை என்பதைக் கவனியுங்கள். பாதி வழியில் மனம் மாறினால், முன்னே போவதும் பின்னே வருவதும் ஏறக்குறைய ஒரே தூரம். எலும்புகள் தொடங்குவதற்கு முன்பே நீண்ட வெறும் சுரங்கப் பாதை வருகிறது. சிலருக்கு எலும்பைக் காட்டிலும் அந்த வெறுமையே அதிகமாக உறுத்தும். சிக்கிக்கொள்ளும் அச்சம் உங்களுக்கு மிகுதி என்றால், மூன்றில் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. படிக்கட்டு குறுகலாகச் சுழன்று இறங்கும். பத்துப் படி இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் யாருக்கும் தொல்லை இல்லை, பாதி தூரம் போய்த் திரும்புவதுதான் சிரமம்.

தெரின்குயு சுமார் 85 மீட்டர் ஆழம் வரை வெட்டப்பட்டிருக்கிறது; பயணிகளுக்கு அதில் ஒரு பகுதிதான் திறந்திருக்கிறது. அறைகள் அகலமானவை. அவற்றை இணைக்கும் படிப்பாதைகள் அப்படியல்ல. எதிரி உள்ளே வந்தால் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்துதான் வரவேண்டும் என்ற நோக்கத்துடனே அவற்றைக் குறுக்கி வெட்டியிருக்கிறார்கள்; வட்டக் கல்லை உருட்டி உள்ளிருந்தே பாதையை அடைத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. நமக்கு அச்சம் தரும் இடுக்குதான் அங்கே ஒளிந்திருந்த குடும்பங்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது என்று நினைத்துக்கொண்டு நடந்தபோது, அந்தச் சுவர்கள் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. நடைமுறையில் உங்களுக்கு வேண்டியது இது: முதல் இரண்டு தளங்களில் தொழுவங்கள், சமையலறைகள் போன்றவற்றை ஓரளவு நிமிர்ந்தே பார்க்கலாம். அதற்குக் கீழே இறங்கும் நீண்ட படிப்பாதைக்கு முன்னால் நின்று, கீழிருந்து கூட்டம் ஏறி வருகிறதா என்று கேட்டு, பாதை காலியாக இருந்தால் மட்டும் இறங்குங்கள். அருகிலேயே உள்ள கைமக்லி நகரம் ஆழம் குறைவானது என்று சொல்லி அதற்கு மாற்ற யாராவது யோசனை சொல்லலாம். ஆழம் குறைவுதான், ஆனால் அதன் பாதைகள் தெரின்குயுவைவிடத் தாழ்வாகவும் குறுகலாகவும் இருக்கின்றன.

கேள்வி: அவ்வளவு ஆழத்தில், அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் மூச்சு விட்டால் ஆக்சிஜன் தீர்ந்துவிடாதா? நியாயமான பயம்தானே?

பதில்: கேள்வி நியாயமானது. விடை ஆறுதலானது. மக்கள் தங்குவதற்கோ வேலை செய்வதற்கோ வெட்டிய எந்த நிலத்தடி இடத்திலும் முதலில் தீர்த்தாக வேண்டிய சிக்கல் காற்றுதான். அதைத் தீர்க்காமல் யாரும் கீழே வாழ்ந்திருக்க முடியாது. தெரின்குயுவில் 55 மீட்டர் நீளமுள்ள ஒரு காற்றுத் துளை செங்குத்தாக இறங்குகிறது. அதன் ஓரத்தில் நின்றால் முகத்தில் குளிர்ந்த காற்று படுவதை உணரலாம். ரோமாபுரியின் பழைய நிலத்தடிக் கல்லறைகளிலும் மேலிருந்து வெளிச்சமும் காற்றும் வருவதற்கான துளைகள் ஆங்காங்கே உண்டு. இன்று பயணிகளை அனுமதிக்கும் இடங்களில் பலவற்றில் இயந்திரக் காற்றோட்டமும் சேர்ந்திருக்கிறது; ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. மால்டாவில் உள்ள ஹால் சஃப்லியெனி நிலவறைக் கல்லறைக்குள் ஒரு நாளில் 80 பேரை மட்டுமே விடுகிறார்கள். கல்லையும் ஓவியத்தையும் காப்பாற்றுவதற்கான அந்த விதி, கூட்டத்துக்கு அஞ்சுகிறவருக்கும் நன்மையாக அமைந்துவிடுகிறது.

அப்படியானால் மூச்சு முட்டுவது ஏன்? பயந்தவுடன் நாம் வேகமாகவும் மேலோட்டமாகவும் மூச்சு வாங்கத் தொடங்குகிறோம். உடலுக்குத் தேவைப்படுவதைவிட அதிகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அளவு குறைகிறது. அது குறைந்தால் தலை கிறுகிறுக்கும், விரல் நுனிகள் மரத்துப்போகும், நெஞ்சு இறுகும், காற்றே போதவில்லை என்றும் தோன்றும். காற்று அதிகமாக உள்ளே போனதால் வந்த உணர்வை, காற்று இல்லாததால் வந்தது என்று மனம் தவறாகப் படித்துக்கொண்டு, இன்னும் வேகமாக இழுக்கச் சொல்கிறது. இந்தச் சுழலை உடைப்பதற்கு ஆழமாக இழுத்துப் பயனில்லை. மெதுவாக வெளியே விட வேண்டும். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, உதடு குவித்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்தாறு முறை செய்தாலே விரல்களின் மரமரப்பு தணியும். இதை வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து பல நாள் பழகியிருந்தால்தான் இருட்டில் நினைவுக்கு வரும்.

ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு போன்றவை உள்ளவர்களுக்கு மேலே சொன்னது போதாது. அவர்கள் பயம் ஒருபுறம் இருக்க, படிகளுக்கும் ஈரப்பதத்துக்கும் தங்கள் உடல் ஈடுகொடுக்குமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டே புறப்பட வேண்டும்.

கேள்வி: எகிப்தில் பெரிய பிரமிடுக்குள் நுழைந்தேன். பாதி ஏறியதும் கண் இருட்டிக்கொண்டு வருவதுபோல் இருந்தது. எல்லோரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு இறங்கி ஓடிவந்தேன். என் பிள்ளைகள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கோடிக்கணக்கானோர் போகும் இடத்தில் எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: உங்களுக்கு மட்டும் அல்ல. அந்தப் பாதையில் தினமும் பலர் திரும்புகிறார்கள். நான் ஏறிக்கொண்டிருந்தபோதே ஒருவர் எனக்கு எதிரே இறங்கி வந்தார். பிள்ளைகளிடம் அந்தப் பாதையின் அளவைச் சொல்லுங்கள். ஏறுபாதையின் உயரம் ஏறத்தாழ 1.2 மீட்டர், அகலம் ஒரு மீட்டரை ஒட்டியது, நீளம் ஏறக்குறைய 39 மீட்டர், சாய்வு 26 டிகிரி. அதாவது இடுப்பை ஒடித்துக் குனிந்தபடி, ஒரு மாடிப்படியின் சாய்வில், 39 மீட்டர் ஏற வேண்டும். போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே. இது மனிதர் நடமாட்டத்துக்காகக் கட்டிய நடைபாதை அல்ல. ஒரு மன்னரின் உடலை உள்ளே வைத்துவிட்டு, கருங்கல் அடைப்புகளை இறக்கி மூடிவிடுவதற்காகக் கட்டியது. உங்கள் உடல் அதைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறது.

இதில் வியப்பான ஒரு செய்தி உண்டு. நீங்கள் ஏறிக்கொண்டிருந்த இடம் பூமிக்கு அடியில் இல்லை. தரை மட்டத்துக்கு மேலே. மன்னர் அறை பாலைவனத் தரையிலிருந்து 40 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. வியெலிச்காவில் 100 மீட்டர் ஆழத்தில் இயல்பாக மூச்சு விடுகிறவர்கள் இங்கே தரைக்கு மேலே திணறுகிறார்கள். ஆழத்துக்கும் அச்சத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நான் ஏறியபோது நடந்ததைச் சொல்கிறேன். காலடியில் மரப்பலகை, வழுக்காமல் இருக்கக் குறுக்கே சட்டங்கள், இருபுறமும் கைப்பிடி. முன்னால் சென்றவரின் செருப்புக் குதிகால் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது. காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருந்தது. திடீரென்று வரிசை நின்றது. மேலிருந்து இறங்கும் கூட்டத்துக்கு வழிவிடச் சொல்கிறார்கள் போலும். யாருக்கும் காரணம் தெரியவில்லை. நடந்துகொண்டிருந்தவரை தாங்கிக்கொண்ட உடல், நின்ற கணத்தில் அலறத் தொடங்கியது. கைப்பிடியை விட்டுவிட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். கல் நான் நினைத்ததைவிட வழுவழுப்பாகவும் சற்றே குளிர்ச்சியாகவும் இருந்தது. அந்தக் குளிர்ச்சியை மட்டும் கவனித்துக்கொண்டு, மூச்சை எண்ணத் தொடங்கினேன். முப்பது எண்ணுவதற்குள் வரிசை நகர்ந்தது. இன்னும் சிறிது தூரம் ஏறியதும் தலைக்கு மேலே இருந்த கூரை சட்டென்று இல்லாமல் போயிற்று. நிமிர்ந்தேன். 8 மீட்டருக்கு மேல் உயரமுள்ள பெருங்கூடம். இருபக்கச் சுவர்களும் ஏழு அடுக்குகளாக, ஒவ்வொரு அடுக்கும் சற்றே உள்ளே நெருங்கி, உச்சியில் சேர்வதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். முதுகு வலித்தது அப்போதுதான் தெரிந்தது.

இதை நீங்கள் தவறவிட்டதைச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. குனிந்து போகும் பகுதிக்கு ஒரு முடிவு இருக்கிறது, அதற்குப் பிறகு பெரிய கூடம் வருகிறது என்று முன்பே அறிந்திருந்ததால்தான் என்னால் அந்த அரை நிமிடம் நிற்க முடிந்தது. உங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. பாதை இப்படியே முடிவில்லாமல் போகும் என்று உங்கள் மனம் கணக்கிட்டது. பீதி பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தானாகவே இறங்கத் தொடங்கும். கண் இருட்டுவதுபோல் தோன்றினாலும், பயத்தில் இரத்த அழுத்தம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை என்பதால் பீதியால் மட்டும் மயங்கி விழுவது அரிது. ஆனால் வெயிலில் நீர் குடிக்காமல் வரிசையில் நின்றுவிட்டு உள்ளே போனால், அந்தக் காரணத்தால் உண்மையாகவே மயக்கம் வரலாம். அடுத்த முறை போவதாக இருந்தால் திறக்கும் நேரத்திலேயே, கூட்டம் சேருவதற்கு முன்பு, நீர் அருந்திவிட்டுப் போங்கள். தாஷூரில் உள்ள செம்பிரமிடைப் பற்றியும் எச்சரிக்கிறேன்: அங்கே கூட்டம் குறைவு, ஆனால் இறங்கும் பாதை சுமார் 60 மீட்டர் நீளம், உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை.

எகிப்தில் உங்களுக்கென்றே அமைந்ததுபோன்ற இடம் அரசர்களின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. நான்காம் ராம்சேஸின் கல்லறை அகலமான, உயரமான, ஏறக்குறைய நேர்க்கோட்டில் மென்மையாக இறங்கும் ஒரே நடைபாதை. திரும்பிப் பார்த்தால் வாசல் வெளிச்சம் தெரியும். அதே பள்ளத்தாக்கில் மூன்றாம் துத்மோஸின் கல்லறைக்குப் பாறை இடுக்கில் செங்குத்தாக ஏறி, பிறகு உள்ளே செங்குத்தாக இறங்க வேண்டும், அதை விட்டுவிடுங்கள். பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு, நீங்கள் ராம்சேஸின் சுவர் ஓவியங்களைப் பொறுமையாகப் பாருங்கள்.

கேள்வி: மாத்திரை ஏதாவது போட்டுக்கொண்டு உள்ளே போய்விடலாமா? அல்லது பயணத்துக்கு முன்பு பழகிக்கொள்ள வழி உண்டா? எனக்கு நான்கு மாதம் அவகாசம் இருக்கிறது.

பதில்: மாத்திரையை மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். தெரிந்தவர் கொடுத்தார் என்று பதற்றம் குறைக்கும் மாத்திரையை முதல்முறையாகச் சுரங்க வாசலில் போட்டுக்கொள்வது ஆபத்து. அத்தகைய மாத்திரைகள் தூக்கக் கலக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரக்கூடியவை. ஈரமான கல் படிக்கட்டில் அது நல்லதல்ல. மதுவும் அப்படியே. காபி பதற்றத்தைக் கூட்டும் என்பதால் அன்று காலை குறைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு மாதம் நல்ல அவகாசம். இந்த அச்சத்துக்கு நன்கு பலன் தரும் சிகிச்சை, அஞ்சும் பொருளைச் சிறுசிறு அளவில், திரும்பத் திரும்ப, தப்பி ஓடாமல் எதிர்கொள்வதுதான். மனநல நிபுணர் ஒருவருடன் சேர்ந்து செய்தால் மிக நல்லது. உங்கள் அச்சம் மிதமானது என்றால் நீங்களே தொடங்கலாம்: ஒரு சிறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம், பிறகு விளக்கை அணைத்து ஐந்து நிமிடம், பிறகு லிஃப்டில் ஒரு மாடி, பிறகு பல மாடி. ஒவ்வொரு படியிலும் படபடப்பு தானாகத் தணியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். உச்சத்தில் இருக்கும்போது ஓடிவந்தால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை பதிந்துகொள்ளும். அன்றாட வாழ்க்கையில் லிஃப்ட், ரயில், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றையே தவிர்க்கும் அளவுக்கு அச்சம் வளர்ந்திருந்தால், பயணத்துக்காக இல்லாவிட்டாலும் நிபுணரைப் பாருங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு இந்தப் பயம் இருக்கிறது. கூடப் போகும் நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? "ஒன்றும் ஆகாது, வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அழுதுவிட்டார்.

பதில்: இழுக்காதீர்கள். கையைப் பிடித்து இழுப்பது, சிக்கிக்கொண்டோம் என்ற உணர்வைத்தான் உறுதிப்படுத்தும். வெளியே நிற்கும்போதே இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வாருங்கள்: அவர் ஒரு சொல்லைச் சொன்னால், ஏன் என்று கேட்காமல் நீங்களும் உடனே அவருடன் திரும்பிவிடுவீர்கள் என்று. இந்த வாக்குறுதி உண்மையானது என்று அவர் நம்பினால், அதைப் பயன்படுத்தும் தேவையே பெரும்பாலும் வராது. என்னுடன் வந்த பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கே நிற்பது என்பதும் முக்கியம். போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாக உள்ள இடத்தில், உங்கள் மனைவி வரிசையின் கடைசி ஆளாக நுழையட்டும். அப்போது அவருக்கும் வாசலுக்கும் நடுவில் யாரும் இருக்க மாட்டார்கள், திரும்பும்போது அவரே முதலில் வெளியே வருவார். நீங்கள் அவருக்கு முன்னால் நில்லுங்கள். ஒருவழிப் பாதையாக இருந்தால் நேர்மாறாக, வழிகாட்டிக்கு அடுத்து முதல் ஆளாக அவர் நடக்கட்டும். முன்னால் திறந்த பாதையும், கேள்வி கேட்கப் பக்கத்தில் ஒருவரும் இருப்பார்கள். வியட்நாமின் போர்க்காலச் சுரங்கங்களான கூ சியைப் போன்ற இடங்களில் பயணிகளுக்கான பகுதியில் இடையிடையே மேலே ஏறிவிடும் வழிகள் உண்டு. முதல் வழி எவ்வளவு தூரத்தில் என்று கேட்டு, அதுவரை மட்டும் போவது என்று முடிவு செய்துகொள்ளலாம். அங்கே பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி தரைக்கு மேலேயே இருக்கிறது. நேப்பிள்ஸ் நகருக்கு அடியில் உள்ள பழைய நீர்த்தொட்டிகளைச் சுற்றிக்காட்டும்போது, உடலைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு போக வேண்டிய ஒரு குறுகிய பாதை வரும். விரும்பாதவர்கள் அதைத் தவிர்த்துவிட்டுக் காத்திருக்கலாம். உங்கள் மனைவி அங்கே நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

கேள்வி: எவ்வளவு முயன்றும் என்னால் குகைக்குள் போக முடியாது. நியூகிரேஞ்ச், லாஸ்கோ எல்லாம் எனக்கு இந்தப் பிறவியில் இல்லையா?

பதில்: பிரான்சில் ஆதிமனிதர்களின் ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகைக்குள் நானும் போக முடியாது, நீங்களும் போக முடியாது. 1940இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் குகையை 1963இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றும் ஈரமும் ஓவியங்களைக் கெடுத்ததே காரணம். இப்போது எல்லோரும் பார்ப்பது நகல்களைத்தான். 2016இல் திறந்த புதிய மையத்தில் குகை முழுவதையும் அளவு மாறாமல் செய்துவைத்திருக்கிறார்கள். அதன் வாசல் எங்கே என்பது எப்போதும் தெரிந்திருக்கும். அசல் ஓவியம்தான் வேண்டும் என்றால், அதே பிரான்சில் ரூஃபின்யாக் குகை இருக்கிறது. அங்கே சிறிய மின்சார ரயிலில் உட்கார்ந்தபடியே உள்ளே போய், மாமூத் யானைகளின் கோட்டோவியங்களைப் பார்த்துவிட்டு வரலாம். நடைபாதை இடுக்கு இல்லை என்றாலும், ரயிலை நினைத்த இடத்தில் விட்டு இறங்க முடியாது என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நிலத்தடி என்ற சொல்லே உங்களை விரட்டிவிட வேண்டாம். இஸ்தான்புல்லில் பேரரசர் ஜஸ்டினியன் 6ஆம் நூற்றாண்டில் கட்டிய நீர்த்தேக்கத்தில் 9 மீட்டர் உயரமுள்ள 336 தூண்கள் நிற்கின்றன. 138 மீட்டர் நீளமும் 65 மீட்டர் அகலமும் கொண்ட அந்த இடத்தில் இறங்கினால், மண்டபத்துக்குள் நுழைந்த உணர்வே வரும். குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணறு ஏழு தளங்கள் கீழே இறங்குகிறது, ஆனால் தலைக்கு மேலே வானம் திறந்தே இருக்கிறது. இப்படிப்பட்டவற்றிலிருந்து தொடங்கியவர்கள் பிறகு மெல்ல மெல்ல மூடிய இடங்களுக்கும் போயிருக்கிறார்கள்.

அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறை மேட்டைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது முடியாதது அல்ல என்று நினைக்கிறேன். கிறிஸ்து பிறப்பதற்கு 3200 ஆண்டுகளுக்கு முன்பு கட்டிய அதன் பாதை 19 மீட்டர்தான். சில இடங்களில் கற்கள் நெருங்கி வருவதால் குனிந்தும் உடலைத் திருப்பியும் போக வேண்டும். பிறகு 6 மீட்டர் உயரக் கூரையுடன் ஓர் அறை வருகிறது. டிசம்பர் மாதச் சூரியத் திருப்பத்தில் விடியற்காலைக் கதிர் வாசலுக்கு மேலே உள்ள துளை வழியாக அந்த அறை வரை நீண்டு விழும்படி கட்டியிருக்கிறார்கள். மற்ற நாட்களில் வருகிறவர்களுக்கு அதைக் காட்டுவதற்காக, வழிகாட்டி விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு செயற்கை ஒளிக்கீற்றை மெல்லப் பாய்ச்சுவார். முன்னறிவிப்பு இல்லாமல் அந்த இருட்டில் அகப்பட்டால் உங்களுக்குப் பெரும் துன்பம். ஆகவே உள்ளே நுழையும் முன்பே வழிகாட்டியிடம் உங்கள் பயத்தைச் சொல்லி, எப்போது அணைப்பார், எத்தனை நேரம் இருட்டாக இருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி ஆளாக நுழைந்து, பாதை அறையில் முடியும் இடத்திலேயே நில்லுங்கள். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால், அருகிலுள்ள பார்வையாளர் மையத்தில் அந்த அறையின் மாதிரியைப் பார்த்துவிட்டு, மேட்டின் வாசலில் கிடக்கும் சுழல்கோடுகள் செதுக்கிய பெரிய கல்லைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்பதற்கு யாரும் குனிய வேண்டியதில்லை.